ஆன் ஆகாத கணினியிலிருந்து கோப்புகளை மீட்ட பலரின் அனுபவங்கள்

அக்காவின் மடிக்கணினி ஒரு நாள் விண்டோஸுக்குள் போகவே மறுத்தது. லோகோ வரும், வட்டம் சுற்றும், நீலத்திரை வரும், மறுபடியும் முதலிலிருந்து. அக்கா மொழிபெயர்ப்பாளர். பாதி முடித்த நாவல் அதற்குள் இருந்தது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் "ஃபார்மேட் பண்ணினால் சரியாகிவிடும்" என்றார்களாம். கணினி சரியாகும்தான். நாவல் போய்விடுமே!

ஆன் ஆகவில்லை என்றதும் டிஸ்க்கே போச்சு என்று பலர் பதறிவிடுகிறார்கள். பவர் சப்ளை, ராம், மதர்போர்டு, விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் கோப்புகள் என்று எது பழுதானாலும் கணினி எழாது. அப்போதெல்லாம் கோப்புகள் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும். அதனால் முதலில் நகல், அப்புறம்தான் பழுது. இந்த வரிசையை யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தது நோட்பேட். தானாகப் பழுது பார்க்கும் முயற்சி தோற்றதும் ஒரு நீலப் பக்கம் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக, கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டினேன். வெற்று நோட்பேட் வந்தது. அதில் 'ஃபைல்', 'ஓப்பன்' போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் அந்தச் சின்னப் பெட்டியே ஒரு எக்ஸ்ப்ளோரர் மாதிரி வேலை செய்கிறது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவில் பேஸ்ட். சி டிரைவ் அங்கே டி என்று காட்டலாம். 'யூசர்ஸ்' ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. எவ்வளவு நகலானது என்று காட்டும் பட்டை வராது, பெட்டி உறைந்த மாதிரி நிற்கும். பொறுமையாக விட்டுவிடுங்கள். நாவல் முழுசாக வந்தது.

*

மேலே சொன்ன வழி அருமை. ஆனால் டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருந்தால் அங்கேயே சாவி கேட்டு நின்றுவிடும். என் நண்பருக்கு நடந்தது இது. மதர்போர்டு செத்துவிட்டது. உள்ளே இருந்த எம்.2 எஸ்எஸ்டியை (சிறு பட்டை வடிவ டிஸ்க்) கழற்றி, டிஸ்க்கை யூஎஸ்பி வழியாக இணைக்க உதவும் உறையில் போட்டு வேறு கணினியில் செருகினோம். 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. "நான் எந்தப் பூட்டும் போடவில்லையே" என்று அவர் சொன்னது உண்மைதான். பல மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தாலே பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. சாவியும் அதே கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். கைப்பேசியில் அவருடைய கணக்கைத் திறந்தோம், பழைய கணினிகளின் சாவிகளும் சேர்ந்து வரிசையாக நின்றன. திரையில் காட்டிய 'கீ ஐடி'யின் முதல் எழுத்துகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்துச் சரியானதைத் தட்டினோம், திறந்துகொண்டது. அலுவலகக் கணினி என்றால் சாவி ஐடி பிரிவிடம் இருக்கும்.

உறை வாங்கும்போதும் கவனம் வேண்டும். எம்.2 எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை, பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி. வகை பொருந்தாத உறையில் போட்டால் டிஸ்க் தென்படவே தென்படாது. நல்ல டிஸ்க்கைச் செத்ததாக நினைத்துக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும், கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

கழற்றத் தயக்கமாக இருந்தால், வேறு கணினியில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் உபுண்டு (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) ஏற்றி, பழுதான கணினியை அதிலிருந்து பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் வேண்டாம், 'ட்ரை உபுண்டு' போதும். விண்டோஸ் முழுமையாக அணையாமல் இருந்தால் டிஸ்க் படிக்க மட்டும் திறக்கும். நகலெடுக்க அதுவே போதும்.

*

எங்கள் கதை இவ்வளவு சுமுகமில்லை. அப்பாவின் பழைய டெஸ்க்டாப், ஹார்ட் டிஸ்க். வேறு கணினியில் மாட்டியதும் 'ஃபார்மேட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டது. கேன்சல் கொடுத்தேன். டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டச் சொன்னார்கள், அதையும் ஓட்டவில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் அது எழுதித் திருத்தப் பார்க்கும், இருப்பதும் போகும்.

லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்று ஒரு மீட்பு மென்பொருள் இருக்கிறது. நன்றாக உள்ள பகுதிகளை முதலில் வாரி எடுத்துக்கொள்ளும், அடம்பிடிக்கும் இடங்களைத் தாண்டிப்போய்க் கடைசியில் திரும்பி வரும். எங்கே விட்டது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துவைப்பதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். முழு டிஸ்க்கையும் இன்னொரு பெரிய டிஸ்க்கில் இமேஜாக (அச்சு அசல் நகல் கோப்பாக) எடுத்துக்கொண்டு, மூல டிஸ்க்கை அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன். மற்ற எல்லா வேலையும் இமேஜில்தான்.

ஃபோல்டர் அமைப்பு சிதைந்துபோயிருந்ததால் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினேன். அது கோப்பின் பெயரைப் பார்க்காது, உள்ளடக்கத்தின் தொடக்கத்தை வைத்து அடையாளம் காணும். ஆகவே படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருந்ததால் அதை வைத்து அடுக்கினோம். சில படங்களில் மேல்பாதி மட்டும்தான், கீழே வெறும் சாம்பல் நிறம். அம்மாவின் படங்களில் பெரும்பாலானவை கிடைத்தன. அப்பா அந்தப் பாதிப் படங்களையும் அழிக்க விடவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று திரும்பத் திரும்பத் தட்டினால் மேலே உள்ள எதையும் செய்யாதீர்கள். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். படிக்கும் முனை பழுதாகியிருக்கலாம், சுழலச் சுழல தட்டில் கீறல் விழும். தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்துக்குத்தான் அது போகவேண்டும்.

*

மேக் வைத்திருப்பவர்களுக்காக: எம் வரிசைச் சிப் உள்ள மேக்புக்குகளில் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைத்தது, தரவைப் பூட்டிவைக்கும் மறையாக்கமும் அந்தச் சிப்போடு கட்டுண்டது. கழற்றி வேறெங்கும் படிக்க வழியில்லை. போர்டையே உயிர்ப்பித்தாக வேண்டும். மேக்ஓஎஸ் மட்டும் எழவில்லை என்றால் பவர் பொத்தானை விடாமல் அழுத்தி, 'ஆப்ஷன்ஸ்' போய், 'யுடிலிட்டீஸ்' மெனுவில் 'ஷேர் டிஸ்க்' கொடுங்கள். கேபிளில் இணைத்த இன்னொரு மேக்கில், ஃபைண்டரின் 'நெட்வொர்க்' பகுதியில் தெரியும். கடவுச்சொல் கேட்கும், கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.