கம்போடியா 1975–79: தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள், எப்படிக் காலூன்றினார்கள்?

கோட்டையூர் வாசகி

எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் கம்போடிய அகதிகளைப் பற்றிப் பேச வேண்டும். சைகோன், கம்போடியா என்று லேவாதேவிக்குக் கப்பலேறியவர்கள் நம் ஊர்களில் உண்டு. ஆனாலும் போல் பாட் என்றதும் மண்டையோட்டுப் படம்தான் நினைவுக்கு வருகிறது. தப்பியவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதை மறைத்தார்கள், எந்த வழியாக வெளியேறினார்கள், கையில் காசில்லாமல் எப்படிக் கடை வைத்தார்கள்? "மன உறுதி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாமல் விவரமாகச் சொல்லுங்கள்.

புதுவயல் அரவை

நெல் கணக்கில் தொடங்குங்கள் ஆச்சி. 1975 ஏப்ரல் 17 அன்று, போல் பாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் படை தலைநகர் புனோம் பென்னுக்குள் வந்தது. அமெரிக்கா குண்டு போடப்போகிறது, இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஏறத்தாழ 20 லட்சம் பேரை வெளியேற்றியது. பணம் செல்லாது. கொஞ்ச காலத்தில் வீட்டில் உலை வைக்கவும் தடை, பொதுச் சமையல்தான்.

அவர்கள் வைத்த இலக்கு எக்டேருக்கு 3 டன் நெல். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மழையை நம்பி விளைந்தது ஒரு டன் அளவில்தான், ஏழு மூட்டைகூட வராது. விளையாதபோது, உயிருக்குப் பயந்து, விளைந்ததாகவே மேலே கணக்கு அனுப்பினார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படி மேலிடத்துப் பங்கு வண்டியேறியது. விதை நெல்லும் போக மிஞ்சியதுதான் ஊருக்கு. பஞ்சம் வந்த வழி இது.

திட்டத் தாளில் ஆளுக்கு ஆண்டுக்கு 312 கிலோ நெல் என்று இருந்தது. அரைத்தால் சுமார் 200 கிலோ அரிசி, நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல். நடந்தது வேறு. அங்கே அளவை கெட்டிப்பால் டப்பா. நம் உழக்கைவிடச் சற்றுக் குறைவு. மோசமான இடங்களில் ஒரு டப்பா அரிசியைப் பத்துப் பேருக்கு மேல் கஞ்சி காய்ச்சினார்கள். பருக்கையை எண்ணிவிடலாம். நண்டு, நத்தை, எலி, தவளை, வள்ளைக்கீரை, வாழைத்தண்டு, பப்பாளி வேர் என்று கிடைத்ததைச் சேர்த்தவர்களே தப்பினார்கள். தனக்கென்று பிடித்தால் அது பொதுச் சொத்தைத் திருடியதாகும், தண்டனை கொலைவரை போகும். அதனால் வயலில் குனிந்தபடியே பச்சையாகத் தின்றவர்கள் உண்டு. கால் வீக்கமும் மாலைக்கண்ணும் பரவலாக இருந்தன.

தேவகோட்டை ரஸ்தா

மறைத்ததைச் சொல்கிறேன். நகரத்திலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு "புதிய மக்கள்" என்று பெயர். முதல் சந்தேகம் அவர்கள் மேல்தான். வாழ்க்கை வரலாற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். ஆசிரியர், டாக்டர், பழைய ராணுவத்தார் எல்லோரும் "ரிக்‌ஷா ஓட்டினேன்", "சந்தையில் கீரை விற்றேன்" என்றார்கள். பொய் சின்னதாக, எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். விவரம் கூட்டினால் அடுத்த முறை முரண்படும். கண்ணாடி, பிரெஞ்சு வார்த்தை, மெத்தென்ற உள்ளங்கை இவையே காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகளை உளவு சொல்லப் பழக்கியதால் அவர்களிடமும் உண்மையை மறைக்க வேண்டியிருந்தது. எனக்கு இதைவிடக் கொடுமையாக வேறெதுவும் படவில்லை.

1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை புனோம் பென்னைப் பிடித்தது. ஜனம் தாய்லாந்து எல்லைக்கு நடந்தது. ஜூனில் தாய்லாந்து 40,000 பேருக்கு மேல் எல்லையிலுள்ள பிரெய விஹார் மலைச்சரிவில் கீழே இறக்கித் திருப்பி அனுப்பியது. அடிவாரம் முழுக்கக் கண்ணிவெடி. நவம்பர் 21 அன்று தாய்லாந்துக்குள் காவோ இ டாங் அகதி முகாம் திறந்தது. பேச்சில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: அந்த முகாமில் பதிவானவருக்கு வெளிநாட்டுக் குடியேற்றத்துக்கு வழி இருந்தது. எல்லையோர முகாம்களில் இருந்தவர்கள் "இடம்பெயர்ந்தோர்", அகதிக் கணக்கில் சேராதவர்கள். அவர்களில் பெரும்பாலோர் 1992–93இல் கம்போடியாவுக்கே திரும்பினார்கள். அமெரிக்காவுக்குத் தேர்வானவர்களில் பலர் பிலிப்பைன்ஸின் பத்தான் மையத்தில் சில மாதம் ஆங்கிலம் படித்த பிறகே விமானம் ஏறினார்கள். டிக்கெட் இலவசமில்லை. வட்டியில்லாக் கடன், வேலை கிடைத்ததும் தவணையில் கட்ட வேண்டும்.

குன்றக்குடி நர்ஸ்

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று. பட்டினியில் வற்றிய உடம்புக்கு ஒரே நாளில் வயிறு நிறையச் சோறு போட்டால் ஆள் போய்விடலாம். மாவுச்சத்து சேர்ந்ததும் இன்சுலின் ஏறி, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் போய்விடும், இதயம் தடுமாறும். முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகு நீர்த்த கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக. அளவைக் கூட்டுவது நாள் கணக்கில்.

இன்னொன்று, காற்றுப் பிடித்தது என்று தைலம் தடவி நாணய விளிம்பால் முதுகில் கோடு கோடாகத் தேய்க்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. நம்மவர்கள் வாய்வுப் பிடிப்பு என்பார்களே, அந்த மாதிரி. அந்தச் சிவப்புக் கோடுகளை அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளையை அடித்த தழும்பு என்று எண்ணிவிட்ட சம்பவங்கள் உண்டு.

கானாடுகாத்தான்

கடைக்கு முதலீடு வந்தது சீட்டிலிருந்து. அவர்கள் தொங்டின் என்பார்கள். உதாரணமாக நடத்துபவரோடு சேர்த்து 20 பேர், மாதம் 200 டாலர். முதல் மாதம் மற்ற 19 பேர் கட்டும் 3,800 டாலரும் சீட்டு நடத்துபவருக்கு. இரண்டாம் மாதம் ஏலம்: ஒருவர் 30 டாலர் தள்ளி எடுத்தால், இன்னும் எடுக்காத 18 பேர் ஆளுக்கு 170, ஏற்கெனவே எடுத்த நடத்துபவர் 200, ஆக 3,260. நம் ஏலச்சீட்டேதான், தள்ளு மட்டும் கட்டும்போதே கழிகிறது. முன்னதாக எடுத்தவர் ஓடிப்போனால் நடத்துபவர் தலையில் விழும். பத்திரம் கிடையாது, பழக்கம்தான் ஜாமீன்.

டோனட் கடைக்கு வழி போட்டவர் டெட் நோய் (Ted Ngoy) என்ற கம்போடியர். 1975இல் அகதியாக வந்து, 1977இல் கலிபோர்னியாவின் லா ஹாப்ராவில் கடை வாங்கினார். பிறகு வந்த குடும்பங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துக் கடைகளைக் குத்தகைக்கு விட்டார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாகித் தனிக்கடை வைக்கும் நம் முறை போல. ஆங்கிலம் அதிகம் வேண்டாம், அன்றன்றைக்குக் காசு, வேலைக்கு வீட்டு ஆட்கள். நள்ளிரவு தாண்டி மாவு பிசைந்து புளிக்க வைத்து, விடியுமுன் பொரிக்க வேண்டும். எண்ணெய் 190 டிகிரி, பக்கத்துக்கு ஒரு நிமிடம். சூடு குறைந்தால் டோனட் எண்ணெயைக் குடித்துவிடும். மிஞ்சியது மறுநாள் விலை போகாது, ஆகவே எத்தனை போடுவது என்ற கணிப்பில்தான் லாபம்.

கோட்டையூர் வாசகி

நன்றி. அகதிகள் பலருக்கு ஜனவரி 1 பிறந்தநாளாக இருப்பது ஏன்?

தேவகோட்டை ரஸ்தா

காகிதம் எதுவும் மிஞ்சவில்லை. நாள் தெரியாதவருக்கு முகாமில் ஜனவரி 1 என்று போட்டார்கள். அண்ணன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று எழுதியவர்களும் உண்டு, அநாதையை விட்டுவர மனமில்லாமல். பின்னாளில் உறவினரை அழைக்க மனுப் போடும்போது முதல் பதிவோடு உறவுமுறை பொருந்தாமல் சிக்கலாகும். அமெரிக்கக் குடியுரிமையும் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். விடுபட்டவர்களில், முகாமில் பிறந்து குழந்தையாக வந்தவர்கள், ஏதாவது குற்ற வழக்கில் தண்டனை பெற்றால், அமெரிக்காவும் கம்போடியாவும் செய்த 2002 ஒப்பந்தத்துக்குப் பிறகு, கண்ணால் பார்த்திராத கம்போடியாவுக்கு நாடு கடத்தப்படுகிறார்கள்.