துணைக்கு ஆள் வந்தால் போதுமா?

கயல்:
எனக்குப் பார்வை இல்லை. மருத்துவமனையில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைக் கைபேசிக்கு அனுப்பினார்கள். தாளை ஸ்கேன் செய்த வெறும் படம். திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் என் திரைவாசிப்பான் "படம்" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். என் உடம்பில் என்ன கோளாறு என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது.

முதல்முறை பதியும்போதே "உங்களுக்குத் தகவல் எப்படி வேண்டும்?" என்று கேட்டுக் குறித்துவைத்தால் இது நடந்திருக்காது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் 2016 ஆகஸ்ட் முதல் அது கட்டாயம். எல்லா இடத்திலும் கட்டாயமாக்க வேண்டும்.

வார்டு ரவி:
மேடம், நடந்தது தப்புதான். ஆனால் கட்டாயம் என்றால் யார் தலையில் விழும்? நான் நர்ஸ். ராத்திரி ஷிப்டில் ஒருவருக்கு ஊசி போடும்போதே நாலு படுக்கையிலிருந்து கூப்பிடுவார்கள். ஆளுக்கொரு வடிவம் என்றால் கை ஓடாது. கூட ஒருவர் வந்தால் நோயாளிக்கும் பாதுகாப்பு, எங்களுக்கும் நிம்மதி. விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயிலில் அடித்து வைத்தாலும், வயதான பிறகு பார்வை போனவர்கள் பெரும்பாலும் அதைக் கற்றிருப்பதில்லை. சர்க்கரையால் பார்வை போனவர்களில் பலருக்கு விரல் நுனியும் மரத்துப்போயிருக்கும்.

கயல்:
பிரெயில் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. அதனால்தான் "கேளுங்கள்" என்கிறேன். ஒருவருக்குப் பெரிய எழுத்து, ஒருவருக்கு ஒலிப்பதிவு, எனக்குப் படமாக இல்லாத ஒரு கோப்பு.

துணை விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பியோடு போனேன். டாக்டர் அவனைப் பார்த்து "இவங்களுக்கு அலர்ஜி இருக்கா?" என்றார். ஒப்புதல் படிவத்தையும் அவனிடமே நீட்டினார்கள். கர்ப்பம், மனநலம், வீட்டில் விழும் அடி, இதையெல்லாம் துணையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006), 25-வது பிரிவில், சம்பந்தப்பட்டவரே அறிந்து தரும் ஒப்புதலைத்தான் கேட்கிறது.

தேவி (மருந்தாளுநர்):
நேரம் இல்லை என்பதை நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என இரண்டு சொட்டு மருந்து. ஒரே அளவு பாட்டில், ஒரே மூடி. இப்போது கண் மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், காது மருந்துக்கு இரண்டு. நான் மாட்டுவதில்லை, மருந்து வாங்க வந்த பார்வையில்லாதவரையே மாட்டச் சொல்வேன். அவர் கைக்குத் தெரிய வேண்டும், என் கைக்கு அல்ல. ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்கும்போதும் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தை விட்டுவைக்க வேண்டும். அது போய்விட்டால் படித்துச் சொல்லும் செயலியும் உதவாது.

வார்டு ரவி:
ரப்பர் பேண்ட் நல்ல யோசனை, நாளைக்கே செய்வேன். ஆனால் இன்சுலின்? பார்வை இல்லாதவர் பயிற்சி பெற்றவரின் உதவியில்லாமல் போடக்கூடாது என்று பல இன்சுலின் பேனாக்களின் (பேனா வடிவ ஊசிகளின்) கையேட்டிலேயே இருக்கிறது. அளவைத் திருகி வைக்கும்போது வரும் கிளிக் சத்தத்தை எண்ணிப் போட்டு அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. இங்கே துணை வேண்டும் என்பதில் நான் மாறமாட்டேன்.

கயல்:
அளவு தவறும் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் சர்க்கரை நோய் கண்ணைப் பறிக்கும் நோய். அதற்கான கருவியே கண்ணைக் கேட்கிறது. அளவைக் குரலில் சொல்லும் பேனா வரும்வரை உதவி தேவை, ஒப்புக்கொள்கிறேன். யார் உதவுவது என்பதை நான் தீர்மானிக்கிறேன்.

வார்டு ரவி:
சரி மேடம். பதிவுப் படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கிறேன்.

கயல்:
நன்றி. படிவத்தோடு நின்றுவிடக்கூடாது. நோயாளியின் கோப்பைத் திறந்ததும் அந்தப் பதில் திரையின் மேலேயே தெரிய வேண்டும். போன தடவை பதிவு, ரத்தம் எடுக்கும் இடம், எக்ஸ்ரே, மருந்து என நான்கு இடத்திலும் முதலிலிருந்து சொன்னேன்.