படகு எஞ்சினின் செர்பெண்டைன் பெல்ட்: வெடிப்பு இல்லை, ஆனாலும் சத்தம் வருகிறது

கேள்வி

வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு மரினாவில் (படகுத்துறையில்) நிறுத்தியிருக்கும் எங்கள் படகில் 4.3 லிட்டர் மெர்குரூசர் பெட்ரோல் எஞ்சினும் பிராவோ டிரைவும் (எஞ்சின் விசையைப் படகின் பின்னாலுள்ள ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுசெல்லும் பகுதி) உள்ளன. வார இறுதிகளில் எப்போதாவது குடும்பத்தோடு லாசரஸ் தீவுவரை போய் வருவோம். மற்ற நாள்களில் படகு கட்டியபடியே கிடக்கும். சில வாரங்களாக, எஞ்சினைக் கிளப்பியதும் முன்பக்கத்தில், பல பாகங்களைச் சேர்த்து ஓட்டும் செர்பெண்டைன் பெல்ட் இருக்கும் இடத்தில், கிறீச்சென்று சத்தம் எழுந்து சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது. மூடியைத் திறந்து பார்த்தால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டருக்கு அடியில் கறுப்புத் தூள் படிந்திருக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக், பெல்ட்டில் வெடிப்பு இல்லாததால் இன்னும் ஓராண்டுக்குக் கவலை வேண்டாம் என்று சொல்லி, அதன்மேல் ஏதோ ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போனார். அடுத்த பயணத்திலேயே சத்தம் திரும்பிவிட்டது. பெல்ட்டை இப்போதே மாற்ற வேண்டுமா? கார் உதிரிபாகக் கடையில் அதே அளவில் வாங்கிப் போடலாமா? நானே மாற்றக்கூடிய வேலைதானா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

மாற்றிவிடுங்கள். வெடிப்பைப் பார்த்து பெல்ட்டை எடைபோடும் பழக்கம் நியோப்ரீன் என்னும் பழைய வகை ரப்பரின் காலத்தது. இப்போது வரும் பெல்ட்டுகள் பெரும்பாலும் இபிடிஎம் என்னும் ரப்பரால் ஆனவை. அவை வெடிப்பதில்லை, தேய்கின்றன. பெல்ட்டின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் வரிகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் ஆழமாகி அகன்றபின், பெல்ட் தான் சுற்றும் சக்கரமான புல்லியின் பள்ளத்துப் பக்கச்சுவர்களைப் பிடிக்காமல் அடிவரை இறங்கி உட்கார்ந்து வழுக்கத் தொடங்கும். நீங்கள் பார்த்த கறுப்புத் தூள் அப்படித் தேய்ந்து உதிர்ந்த ரப்பராகத்தான் இருக்க வேண்டும். ஸ்ப்ரே இதைக் குணப்படுத்தாது. சில நாள் சத்தத்தை மறைக்கும், கூடவே தூசியையும் பெல்ட்டில் ஒட்ட வைக்கும்.

உங்கள் டிரைவ் பிராவோ என்பதால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மெர்குரூசரின் மற்றொரு வகையான ஆல்ஃபா டிரைவில், எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீரை இழுக்கும் பம்ப் டிரைவுக்குள்ளேயே இருக்கும். உங்கள் எஞ்சினிலோ அந்தப் பம்பும், எஞ்சினுக்குள் நீரைச் சுற்றவிடும் பம்பும், ஆல்டர்நேட்டரும், பவர் ஸ்டியரிங் பம்பும் ஒரே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. அது அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது, ஸ்டியரிங் கனத்துவிடும் என்பதெல்லாம் சிறிய தொல்லைகள். கடல்நீர் நின்றதும் எஞ்சின் சூடேறுவதோடு, அந்த நீரை நம்பியே குளிரும் புகைக்குழாயின் ரப்பர் பகுதிகளும் வெந்துபோகும் என்பதால், எஞ்சினை உடனே நிறுத்தியாக வேண்டும். உலகிலேயே கப்பல் நெரிசல் மிகுந்த கடல்வழிகளுள் ஒன்றான சிங்கப்பூர் நீரிணையின் ஓரத்தில், குழந்தைகளோடு எஞ்சின் இல்லாமல் மிதப்பதை நினைத்துப் பாருங்கள்.

அளவைப் பொறுத்தவரை, பெல்ட்டின் முதுகில் உள்ள எழுத்தை வாசியுங்கள். எடுத்துக்காட்டாக 6பிகே1230 என்றிருந்தால் ஆறு வரி, 1230 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். எழுத்து அழிந்திருந்தால் எஞ்சினின் சீரியல் எண்ணைக் கொடுத்து வாங்குவதே பாதுகாப்பு. நல்ல தயாரிப்பாக, அதே குறியீட்டோடு இருந்தால் கார்க் கடைப் பெல்ட்டும் பொருந்தும். ஆனால் அந்தத் துணிச்சலில் கார் ஆல்டர்நேட்டரையோ ஸ்டார்ட்டரையோ வாங்கிப் பெட்ரோல் படகில் மாட்டிவிடாதீர்கள். படகுக்கானவை, தீப்பொறி வெளியே வந்து பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்காதபடி அடைத்துச் செய்யப்பட்டவை.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் புதுப் பெல்ட்டை மாட்டுவதற்குமுன், பழையது ஏன் தேய்ந்தது என்று பார்த்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், உப்பு படிந்த புல்லி சில வாரங்கள் சுற்றாமல் நின்றாலே வரிப்பள்ளங்களில் துரு பிடித்துவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அது உப்புத்தாளைப்போல ரப்பரை அராவும். அப்படிப்பட்ட புல்லியில் புதுப் பெல்ட்டும் சீக்கிரமே தூளாகும். பெல்ட்டைக் கழற்றியபின் கம்பிப் பிரஷால் பள்ளங்களைத் தேய்த்து, விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் குழியில் மாட்டினால் புல்லியையே மாற்ற வேண்டியதுதான்.

பெல்ட் கழன்றிருக்கும் அந்த நேரம் மிகவும் பயனுள்ளது. ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங் போய்விட்டது. கடல்நீர்ப் பம்பின் அடியில் உப்புக்கோடு வழிந்திருந்தால் அதன் சீல் கசிகிறது. பவர் ஸ்டியரிங் எண்ணெய் கசிந்து பெல்ட்டில் பட்டாலும் ரப்பர் ஊறி மென்மையாகிவிடும்.

கழற்றுவதற்குமுன் ஒரு சோதனை செய்யலாம். எஞ்சின் சத்தமிடும்போது, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது நல்ல தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சத்தம் அடங்கிச் சற்று நேரத்தில் திரும்பினால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ட்டில் இழுவிசை போதவில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்று காலை தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்தேன். சத்தம் தெளிவாகக் கூடியது. எங்கள் எஞ்சினில் பெல்ட்டைத் தானாகவே இறுக்கி வைக்கும் ஸ்பிரிங் டென்ஷனர் இல்லை, போல்ட்டால் நகர்த்தும் புல்லிதான் இருக்கிறது. எவ்வளவு இறுக்குவது?

மறுமொழி 1

அப்படியானால் உங்கள் எஞ்சினின் கையேட்டில், புல்லிகளுக்கு இடையே மிக நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தும்போது எவ்வளவு இறங்க வேண்டும் என்று இருக்கும். அந்த அளவையே பின்பற்றுங்கள். சத்தத்துக்குப் பயந்து மேலும் இறுக்கினால் பம்பின் பேரிங்தான் முதலில் போகும். பெல்ட் போகும் வழியைக் கழற்றுவதற்குமுன் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது எல்லா வரிகளும் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று ஒவ்வொரு புல்லியாக விரல்வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு வரி வெளியே நின்றாலும் பெல்ட் ஓரமாகக் கிழிந்துபோகும். புதுப் பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்தில் சற்றுத் தளரும் என்பதால், அதன்பின் ஒருமுறை மீண்டும் இழுவிசையைச் சரிபாருங்கள்.

மறுமொழி 3

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் மெயின் சுவிட்சை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் மூடியைத் திறந்தே வைத்து, எஞ்சின் அறையிலுள்ள பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் விசிறியான ப்ளோயரைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்ட பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள். படகு கரையில் ஏற்றியிருந்தால், குழாய்த் தண்ணீரை இணைக்காமல் ஒரு நொடிகூட ஓட்ட வேண்டாம். உலர்ந்து சுற்றினால், கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கருகிவிடும். இரண்டு பெல்ட்டுகளாக வாங்கி, ஒன்றை அதற்கான ஸ்பேனரோடு சேர்த்துப் படகிலேயே வைத்துவிடுங்கள்.