‘குதிரை அடக்கல்’ வேண்டாம், ‘சேணம் பழக்கல்’ எப்படி?

எல்லோருக்கும் வணக்கம். முதுகில் சேணம் வைத்தே அறியாத இளங்குதிரையை அதற்குப் பழக்குவதை ஆங்கிலத்தில் ‘பிரேக்கிங்’ என்கிறார்கள். நம் குதிரைச் சொற்பட்டியலில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பது பற்றி நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> ‘பிரேக்கிங்’ என்பதற்குக் ‘குதிரை அடக்கல்’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா, இது எனக்குச் சரிவரவில்லை. அடக்கல் என்றதும் திமிறுகிற மிருகமும் அதை வெல்லுகிற ஆளும்தான் மனதில் வரும். நாங்கள் பெயர் தேடுகிற வேலையிலோ, குதிரை திமிறிவிட்டால் வேலை பிழையாகிவிட்டது என்று அர்த்தம். ஆங்கிலத்திலேயே குதிரைக்காரர் பலர் ‘பிரேக்கிங்’ என்பதைக் கைவிட்டு ‘ஸ்டார்ட்டிங்’ என்கிறார்கள். அவர்கள் விட்டதை நாங்கள் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

அக்கா தந்த ‘சேணம் பூட்டல்’ நல்ல தமிழ்தான். ஆனால் அது வயதான குதிரைக்கும் தினமும் செய்கிற வேலை. முதுகில் பாரமும் வயிற்றில் இறுக்கமும் எப்படியிருக்கும் என்றே தெரியாத இளங்குதிரைக்குச் செய்வது வேறு.

என் முன்மொழிவு ‘சேணம் பழக்கல்’. திருகோணமலையில் தம்பலகாமப் பக்கம் நாம்பனை, அதாவது இளங்காளையை, வண்டிலுக்குப் பழக்குவது என்றுதானே சொல்கிறோம்? வினை கையிலேயே இருக்கிறது.

உப்புவெளியில் சொந்தக்காரர் வளவில் மூன்று வயதுப் பெண்குதிரை ஒன்றைப் பழக்கியபோது கூடநின்று பார்த்தேன். தலைக்கயிற்றுக்குப் படிந்து, சொன்னால் நிற்கவும் நடக்கவும் அது முன்பே கற்றிருந்தது. முதலில் மடித்த துணியை மோந்து பார்க்க விட்டார்கள். பிறகு தோளிலும் முதுகிலும் பின்தொடையிலும் தேய்த்துத் தேய்த்து எடுத்தார்கள். இடப்பக்கம் செய்ததெல்லாம் வலப்பக்கமும். ஒரு பக்கம் பழகிய பொருள் மறுபக்கக் கண்ணில் பட்டதும் புதிதுபோல வெருளக்கூடும். கச்சான் காற்று அடித்தால் துணி படபடக்கும் என்று வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்புறம் சேணம் இல்லாமல் உடலைச் சுற்றி வெறும் பட்டை மட்டும். இதற்குச் ‘சுற்றுவார்’ போதும் என்று நினைக்கிறேன்.

ஆபத்தான இடம் சேணத்தின் வயிற்றுவார். ஒரேயடியாக இறுக்கினால் குதிரை முதுகைக் கூனித் துள்ளும். தொளதொளவென்று விட்டாலோ சேணம் சரிந்து வயிற்றுக்கடியில் தொங்கும். அது காலில் இடித்தால் தலைதெறிக்க ஓடும். ஆகவே சேணம் நழுவாத அளவுக்கு முதலில் இறுக்கினார்கள். நாலு அடி நடை, பிறகு வாரில் ஒரு துளை கூட்டி இறுக்கல். மறுபடி நடை, இன்னொரு துளை. கயிற்றை மரத்தில் கட்டவில்லை. கட்டியிருந்தால் பின்வாங்கி இழுத்துப் பதறியிருக்கும். வார் இறுக்கியவர் நின்ற பக்கமே இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறுகிறவர் கால் வைக்கும் அங்கவடிகள் விலாவில் அடிக்காதபடி மேலே ஏற்றிச் செருகியிருந்தன. காது பின்னால் ஒட்டி, வால் இடுங்கியதும் எல்லாக் கையும் நின்றது. தலை தாழ்ந்து உடம்பு தளர்ந்த பிறகுதான் அடுத்த துளை.

இவ்வளவிலும் ஒருவரும் முதுகில் ஏறவில்லை. அதனால்தான் ‘ஏறிப் பழக்கல்’ என்று இரண்டாவது சொல்லும் வேண்டும் என்கிறேன். குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்தரை, ஆறு வயதாகலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், சேணத்துக்குப் பழகியதும் ஆள் ஏறலாம் என்று வாசிப்பவர் நினைத்துவிடுவார்.

> ‘சேணம் கட்டிய குதிரை மாதிரி நேரே பார்க்கிறான்’ என்கிறோமே. சேணம் என்றால் கண்ணை மறைப்பதுதான் என்று பலர் எண்ணுவார்களே?

எண்ணுகிறார்கள்தான் தம்பி. கண்ணுக்குப் பக்கத்தில் கட்டுவதைக் ‘கண்பட்டை’ என்று தனியாகப் பட்டியலில் சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும். வழக்கிலுள்ள உவமைக்குப் பயந்து முதுகில் வைப்பதற்குள்ள பழைய பெயரை விட்டுக்கொடுக்க முடியாது.

> ‘பழக்கல்’ பேச்சுவழக்குப்போல இருக்கிறது. ‘சேணப் பயிற்சி’ என்றால் நூலுக்கு எடுப்பாக இருக்குமே.

எடுப்பாக இருக்கும், ஆனால் ‘சேணப் பயிற்சி பெற்றவர்’ என்று எழுதினால் பயிற்சி ஆளுக்கா குதிரைக்கா? ‘பழக்கல்’ என்று வைத்தால் ‘சேணம் பழக்கிய குதிரை’, ‘சேணம் பழக்காத குதிரை’ இரண்டும் தடங்கலின்றி வருகின்றன. விற்கிறவரும் வாங்குகிறவரும் கேட்கப்போவது இந்த வேறுபாட்டைத்தான். பேச்சில் இருப்பது குறையும் அல்ல; குதிரையோடு நிற்கிறவர் வாயில் வராத சொல் அகராதியோடு நின்றுவிடும்.

வயிற்றுவாருக்குக் ‘கச்சை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். யானைக்குக் கட்டுவதைச் சொல்லும் பழைய சொல், அழகானதும்கூட. ஆனால் இன்று கடையில் போய்க் கச்சை கேட்டால் வேறு எதையோ எடுத்துத் தருவார்கள். ‘வயிற்றுவார்’ என்றால் எங்கே கட்டுவது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் சேணம் பழக்கல், ஏறிப் பழக்கல், சுற்றுவார், வயிற்றுவார், கண்பட்டை ஐந்தையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். குதிரையை நீள்கயிற்றில் வட்டமாக ஓடவிடுவதற்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை, யாரிடமாவது இருக்கிறதா?

திருகோணமலையிலிருந்து,
அன்புடன்.