ஃபெரட்டுக்கு அட்ரீனல் சுரப்பி வருத்தம்: குச்சி மருந்தா, ஒப்பரேசனா?
வணக்கம். இருக்கிறது ஸ்காபரோவில. எங்கட ஃபெரட் (கீரி மாதிரி ஒரு செல்லப்பிராணி) பெட்டை, நாலரை வயது, வாங்கேக்கையே கர்ப்பப்பை எடுத்த பிள்ளை. மாசியில வாலடியில மயிர் கொட்டத் தொடங்கி, இப்ப ரெண்டு விலாவும் ஒரே மாதிரி மொட்டை. தோலில புண்ணோ பொருக்கோ இல்லை, வாலில மட்டும் கறுப்புப் புள்ளிகள். தோளுக்கு நடுவில ஓயாமல் சொறியிறாள். போன கிழமை தொடக்கம் பெண்குறி பட்டாணி அளவுக்கு வீங்கி நிக்குது. அதுதான் பயம்.

தெள்ளு மருந்து போட்டாச்சு. தோல் சுரண்டிப் பார்த்ததில சொறிப் பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. சாப்பாடும் மாத்திப் பார்த்தம். பருவத்துக்குக் கொட்டினதெண்டால் இதுக்குள்ள முளைச்சிருக்கும்! ஸ்கானில இடப்பக்க அட்ரீனல் சுரப்பி (சிறுநீரகத்துக்குக் கிட்ட இருக்கிற ஹோர்மோன் சுரப்பி) கட்டி வந்து பெருத்திருக்காம். வலப்பக்கம் எண்டால் பெரிய நாளத்தோட ஒட்டியிருக்கும், வெட்டுறது ஆபத்து, அந்தளவில நிம்மதி. தோலுக்குக் கீழ வைக்கிற டெஸ்லோரெலின் குச்சி ஹோர்மோனை அடக்கும், ஆனால் கட்டியை எடுக்காது எண்டு வைத்தியர் சொல்லுறார்.

இந்த வயதில, இடப்பக்கச் சுரப்பிக்கு, நீங்கள் குச்சி வைச்சனீங்களா, ஒப்பரேசன் செய்தனீங்களா?