பலாலி – சீனன்குடா: 45 நிமிடமா, ஐந்து மணி நேரமா?

உப்புவெளிப் பெடியன்:
சென்னையிலிருந்து மாமா குடும்பம் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு வருகிறது. தூரம் கணக்கிடும் ஒரு தளத்தில் பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்) – சீனன்குடா (திருகோணமலை விமான நிலையம்) 185 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 45 நிமிடம் என்று கிடக்கிறது. பலாலிக்கு டிக்கெட் போடச் சொல்லவா, கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்காவுக்கா?

கன்னியா:
தம்பி, அந்தத் தளம் வரைபடத்தில் கோடு கிழித்து, அதை ஒரு வேகத்தால் வகுத்து விடை சொல்கிறது. அந்தக் கோட்டில் விமானம் ஓடுகிறதா என்று அது பார்ப்பதில்லை. டிக்கெட் எடுத்து ஏறுகிற மாதிரிச் சேவை அங்கே கிடையாது. கோட்டின் நடுப்புள்ளி ஒட்டுசுட்டான் பக்கம் விழும். மாமாவை அங்கே இறக்கிவிடுவார்களா?

நிலாவெளியான்:
கணக்கில் பிழை இல்லையே அண்ணா. செஸ்னா கேரவன் போன்ற சின்ன விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் போகும். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் 45 நிமிடம்தான். சீனன்குடா ஓடுபாதை கிட்டத்தட்ட 2,400 மீட்டர், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. கொழும்புப் பக்கமிருந்து கேரவன் அங்கே வந்து இறங்கியும் இருக்கிறது. ஓடுபாதை இருக்கிறது, விட ஆள்தான் இல்லை.

கன்னியா:
விட்டாலும் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். முன்கூட்டியே போக வேண்டும், விமானப்படை முகாம் வாசலில் சோதனை, பொதி நிறுவை. 45 நிமிடம் சும்மா இரண்டரை மணி நேரமாகிவிடும்.

நிலாவெளியான்:
அப்படியே இருக்கட்டும், ரோட்டில் வாகனத்தில் போகிற ஐந்து மணி நேரத்தில் பாதிதானே? ஹொரவப்பொத்தானை, வவுனியா சுற்றி யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் ஏறினால் தரையில் 235 கிலோமீட்டர் வருகிறது. பஸ்ஸில் ஆறு மணி நேரம் தாண்டும். ரயில் என்றால் கல்லோயா வழியாக மாகோவரை தெற்கே போய், மறுபடி வடக்கே திரும்ப வேண்டும். அதைவிட நடக்கலாம்.

மூதூர்க்காரன்:
மட்டக்களப்புக்கும் இதே மாதிரி விமானம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஆகாயத்தில் 108 கிலோமீட்டர், ரோட்டில் 135தான். அதற்கு எதற்கு விமானம்? பாலம் வருமுன் கிண்ணியாவில் வாகனத்தைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றிவிட்டு, அது அக்கரை சேரும்வரை வெயிலில் காய வேண்டும். 2009இல் பாலம் திறந்தபின் அந்தக் காத்திருப்பே போய்விட்டது. வடக்கே கொக்கிளாய் முகத்துவாரத்திலும் அப்படி ஒரு பாலம் வரட்டும். புல்மோட்டையால் நேரே முல்லைத்தீவு, அப்புறம் பரந்தன், யாழ்ப்பாணம். முதலில் அதைக் கேளுங்கள்.

நிலாவெளியான்:
பாலமும் கேட்போம், விமானமும் கேட்போம். ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கேட்கக் கூடாதா?

கன்னியா:
கேளுங்கள். ஆனால் பெடியன் கேட்டது மாமாவுக்கு வழி. தம்பி, கட்டுநாயக்காவிலிருந்து இங்கே வர 250 கிலோமீட்டர் அளவு, பலாலியிலிருந்து 235. ரோட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஆகாயத்தில்: சென்னை – பலாலி 355, சென்னை – கட்டுநாயக்கா 640. ஆனால் பலாலிக்கு வருவது ஏடிஆர் என்கிற சின்ன விமானம். பொதி எவ்வளவு விடுவார்கள் என்று பார்த்துவிட்டே டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

உப்புவெளிப் பெடியன்:
மாமியின் பொதியை நினைத்தால் கட்டுநாயக்காதான் சரிவரும் போல. கந்தளாய்ப் பக்கம் இரவில் ரோட்டில் யானை நிற்குமாமே, மாலையில் இறங்கினால் உடனே கிளம்பலாமா, தங்கித்தான் வர வேண்டுமா?

மூதூர்க்காரன்:
தங்கி வாருங்கள். ஹபரணையிலிருந்தே யானைக் காடுதான்.