குவோரம் சென்சிங்: ‘குறைவெண் உணர்தல்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

பாக்டீரியா தாம் விடும் சமிக்ஞை மூலக்கூறுகளை உணர்ந்து நடத்தையை மாற்றிக்கொள்வதே குவோரம் சென்சிங் (quorum sensing). நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ஐயா முன்வைத்த ‘குறைவெண் உணர்தல்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாடாளுமன்றம் கூடக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்கிற அதே குறைவெண். 1994இல் நுண்ணுயிரியலாளர்கள் ஃபுகுவா, வினான்ஸ், கிரீன்பர்க் மூவரும் வைத்த ஆங்கிலப் பெயரும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் பாக்டீரியா தலை எண்ணுவதில்லை. ஒவ்வொன்றும் சமிக்ஞை மூலக்கூறுகளை வெளியே விடுகிறது; சுற்றிலும் அவற்றின் செறிவு ஓர் அளவைத் தாண்டினால் சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. ஹவாய்க் குட்டிக் கணவாயின் ஒளியுறுப்புக்குள் நெருக்கியடித்து வாழும் விப்ரியோ ஃபிஷெரி என்னும் பாக்டீரியா ஒளிர்வதும், திறந்த கடலில் அதுவே ஒளிராமல் திரிவதும் இதனால்தான்.

கூட்டம் பெருத்தால் செறிவும் ஏறும் என்று நினைத்துவிடுகிறோம். நம்மூர் சிங்கப்பூரில் கழிவுநீரை மறுபயன்பாட்டுக்குச் சுத்திகரிக்கும் நியூவாட்டர் ஆலைகள் நம்பியிருக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் (reverse osmosis) வடிகட்டிச் சவ்வுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின்மேல் பாக்டீரியாக் கூட்டம் உயிர்ப்படலமாக (biofilm) ஒட்டிப் படிவது பெரிய தலைவலி. ஆனால் நீரோட்டம் வேகமாக இருந்தால் மூலக்கூறுகளை அடித்துக்கொண்டு போய்விடும்; கூட்டம் இருந்தும் சமிக்ஞை எட்டாது. மாறாக, நம் செல்லுக்குள் ஒரு நுண்பையில் சிக்கிய ஒற்றை ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா, தான் விட்ட மூலக்கூறு வெளியேற வழியில்லாததால், தன்னந்தனியாகவே அந்த நிலையை எட்டிவிடலாம். ஒற்றை ஆளுக்கு ஏது குறைவெண்? பாக்டீரியா அறிவது கூட்டத்தை அல்ல, மூலக்கூறு எவ்வளவு வேகமாகப் பரவி விலகுகிறது என்பதைத்தான் என்று நுண்ணுயிரியலாளர் ரோஸ்மேரி ரெட்ஃபீல்ட் 2002இலேயே வாதிட்டார்.

அதனால்தான் முன்பு நான் ‘செறிவுணர்தல்’ என்றேன். “பாக்டீரியா சர்க்கரையின் செறிவையும்தான் உணர்ந்து நீந்துகிறது, அதுவும் செறிவுணர்தலா?” என்று நம் குழுவில் அக்கா மடக்கியது நியாயம். சரி, முன்னால் ‘தன்’ சேர்த்துவிடுவோம்: தன்செறிவுணர்தல். தான் விட்டதையே தான் அளக்கிறது. சவ்வடைப்பைக் குறைக்க அந்த மூலக்கூறுகளைச் சிதைக்கும் உத்திக்கும் ‘தன்செறிவுணர்தல் முறிப்பு’ என்று அதிலிருந்தே பெயர் வந்துவிடும். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் மாணவர் பிரித்துப் பார்த்தால் பொருள் தெரியும்.

அப்புறம், பட்டியலில் உள்ள பாக்டீரியாவின் நகர்வுச் சொற்கள். புரோட்டியஸ் என்னும் பாக்டீரியா கசையிழைகளை (flagella) வைத்துத் திரளாகப் பாய்வதும் (swarming), சூடோமோனாஸ் பாக்டீரியா மெல்லிழையை (pilus) நீட்டி ஒட்டவைத்து, பிறகு அதைச் சுருக்கித் தன்னை இழுத்துக்கொள்வதும் (twitching) வேறு வேறு. இரண்டையும் ‘ஊர்தல்’ என்று பட்டியலில் போட்டிருக்கிறோம். முன்னதைத் ‘திரள்நகர்வு’, பின்னதை ‘இழைப்பற்று நகர்வு’ என்று பிரிக்கலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.